இல்லமும் இளஞ்சிறாரும்

(மன்றத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மன்றச் செயலாளர் எம்மிடம் வந்து, வீட்டிலே பிள்ளைகள் விளையாட்டாகவும் பயனாகவும் பொழுது போக்குவது எங்ஙனம் என்பது பற்றிப் பேச வேண்டுமெனக் கேட்டபோது, நாம் முதலிற் பின்வாங்கினோம். பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் நிறைந்த சபையிலே, இன்னும் விரிவுரை மண்டபத்தை விட்டு வெளியேறாத ஒருவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் உங்களுக்கில்லாத ஒரு தகைமை எமக்குண்டு. நாம் பிள்ளையாயிருந்த காலம் எமக்கு இன்னும் மறந்து போகவில்லை. அன்றியும், தம்பியும் மாமியின் பிள்ளைகளுமாக ஐந்து பேரை, மார்கழி மழையில், ஒரே விறாந்தையில் வைத்துச் சமாளித்த அனுபவமும் உண்டு. அந்தத் துணிவிலேதான் வந்து நிற்கின்றோம்.

நாம் கற்றது மிஷன் பாடசாலையில் என்பது உங்களிற் பலர்க்குத் தெரியும். காலையிலே வேதாகம வாசிப்பு. மாலையிலே வீட்டில் தேவாரம். மார்கழியிற் பாடசாலையிற் களிமண் பிசைந்து பாலன் குடிலுக்கு ஆட்டுக்குட்டி செய்வோம். அதே கையாற் புரட்டாதியில் நவராத்திரிக் கொலுவுக்கு யானை செய்வோம். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தும்பிக்கை ஒன்றே வேறுபாடு. இப்படி வளர்ந்தவர் இந்து இளைஞர் மன்றத்திற் பேசலாமா என்று எவரேனும் ஐயுறின், எமக்கு நாவலர் பெருமானே துணை. அவர் பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, அவரிடமே ஆசிரியராயுமிருந்து, பின்னர் 1848-இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வகுப்புப் பிரித்துக் கற்பித்தலையும், அச்சிட்ட பாடநூலையும் அவர்களிடங் கண்டு, தமக்கு வேண்டியவாறு மாற்றிக் கொண்டார். பாலபாடங்கள் அவ்வாறு எழுந்தவையே. நல்லதை எங்கிருந்தும் எடுக்கலாம் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுமோ?

இனி விடயத்துக்கு வருவோம். பிள்ளை விளையாட்டினாலேயே கற்கின்றது என்பதை மேனாட்டிலே முறையாக எடுத்துச் சொன்னவருள் முதன்மையானவர் ஜெர்மனியைச் சேர்ந்த புரோபல் என்பவர். 1837-இல் அவர் சிறு பிள்ளைகளுக்கென ஓரிடம் தொடங்கி, பின்பு அதற்குச் ‘சிறுவர் தோட்டம்’ என்று பொருள்படப் பெயரிட்டார். பாடம் என்னாது தோட்டம் என்றார் என்பதைக் கவனியுங்கள். அவர் பிள்ளைகள் கையிற் கொடுத்தவை பந்தும், உருளையும், மரக்கட்டையுமே. பின்னர் இத்தாலியிலே மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907-இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றிலே தமது முதற் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். இவ்வம்மையார் 1939-இற் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கினார். 1944-இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். அதன் பயனாகவோ என்னவோ, எங்கள் ஊரிற் பாலர் பாடசாலை என்றாலே ‘மொன்ரிசோரி’ என்றாகிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. பலகையில் அம்மையாரின் பெயரை எழுதி மாட்டிவிட்டு, உள்ளே மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொப்பி நிறைய ‘அ’ எழுதக் கொடுக்கின்றோம். அம்மையார் கேள்வியுறின் யாது சொல்வாரோ!

அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று, உப்புத்தாள் போன்ற சொரசொரத்த தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, பிள்ளையின் விரலால் அதனைத் தடவச் செய்வது. எழுத்தைக் கண்ணோடு விரலும் அறிய வேண்டுமென்பது அவர் கொள்கை. இதைக் கேட்டபோது எமக்குச் சிரிப்பு வந்தது. விசயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து, தாம்பாளத்து அரிசியில் எழுதுவிக்கின்றோமே, அஃது என்ன? திண்ணைப் பள்ளியிலே மணலில் விரலால் எழுதினார்களே, அஃது என்ன? அந்திரு பெல் என்ற பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையிலே இவ்வாறு பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தமது பாடசாலையிலும் அதனைக் கைக்கொண்டு, 1797-இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். எங்கள் மணல் சீமைக்குப் போயிற்று. நாங்களோ ஏடு தொடக்குவதை ஒரு நாட்சடங்காக நிறுத்தி, மறுநாளே கொப்பியை வாங்கிவிடுகின்றோம். ஒரு பழைய தட்டத்திற் குறுமணல் பரப்பி, விறாந்தை மூலையில் வைத்துப் பாருங்கள். எழுதவென்று சொல்லவே வேண்டாம். முதலிற் பாம்பு வரும். பிறகு வட்டம் வரும். ஒருநாள் ‘ட’ வரும். பிழையை அழிக்க அழிறப்பரும் வேண்டியதில்லை. தட்டத்தை ஒருமுறை ஆட்டினாற் போதும்.

மணலில் விரல் பழகிய பிள்ளைக்கு அடுத்தது கோலம். இதைப் பற்றிச் சற்று விரித்துப் பேச அனுமதி வேண்டுகின்றோம். எமக்கு மிக விருப்பமான பொருள். பொங்கலன்று முற்றத்திலே அம்மாவும் ஆச்சியும் மாவினாற் கோலமிட, நாங்கள் தள்ளி நின்று பார்ப்பதே வழக்கம். “மிதியாதேங்கோ” என்பதே எங்களுக்குக் கிடைக்குங் கோலக் கல்வி! இதை ஒரு மழைநாளிலே விறாந்தைச் சீமெந்துத் தரையில், வெண்கட்டியினாற் பிள்ளைகளிடம் விட்டுப் பார்த்தோம்.

முதலிற் புள்ளி வைப்போம். மேலே ஒரு புள்ளி, அதன்கீழ் மூன்று, பின் ஐந்து, பின் ஏழு, பின்னர் ஐந்து, மூன்று, ஒன்று. மொத்தம் எத்தனை? எண்ணினால் இருபத்தைந்து. இப்போது புள்ளிகளின்மேற் பயறும் உழுந்தும் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிசையும் பயற்றிலே தொடங்கிப் பயற்றிலே முடிய வேண்டும். நடுவே ஒன்று விட்டொன்று உழுந்து. வைத்து முடிந்ததும் பயற்றை எண்ணினாற் பதினாறு, உழுந்து ஒன்பது. பதினாறு என்பது நாலு நாலு. ஒன்பது என்பது மூன்று மூன்று. தலையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்: பயறெல்லாம் நாலுக்கு நாலான ஒரு சதுரமாயும், அதன் இடைவெளிகளில் உழுந்தெல்லாம் மூன்றுக்கு மூன்றான ஒரு சதுரமாயும் நிற்கக் காண்பீர்கள். நடு வரிசை ஐந்தாயிருந்தால் மொத்தம் பதின்மூன்று, ஒன்பதும் நாலும். நடு வரிசை ஒன்பதாயிருந்தால் என்ன வரும் என்பதை நாம் சொல்லப் போவதில்லை. இன்றிரவு வீட்டிலே பிள்ளையிடங் கேளுங்கள்.

அடுத்தது, கையெடுக்காமற் கோடிழுத்தல். ஒரு பெட்டி கீறி, மூலைக்கு மூலை இரண்டு கோடும் இழுத்தால் வரும் உருவத்தை, வெண்கட்டியை எடுக்காமலும், போன கோட்டிலே மீண்டும் போகாமலும் கீறிக் காட்டு என்றால், எந்தப் பிள்ளையாலும் முடியாது, பேராசிரியராலும் முடியாது. அதே பெட்டிக்கு மேலே கூரை போல இரண்டு கோடு சேர்த்துவிட்டால் முடியும்! ஆனாற் கீழ் மூலையொன்றிலே தொடங்கவேண்டும். ஏன் என்று கேட்டால், மூலைகளிற் கூடுங் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். ஒற்றையாகக் கோடுகள் கூடும் மூலை இரண்டுக்கு மேற்பட்டால் ஒரே கோட்டிற் கீற இயலாது. கூரையில்லாப் பெட்டியில் அத்தகைய மூலை நான்கு. கூரை வைத்ததும் இரண்டாகிவிடுகின்றது. கேனிக்ஸ்பேர்க் என்ற பட்டினத்திலே ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மாத்திரமே கடந்து நடக்க முடியுமோ என்ற கேள்வியை ஒயிலர் என்னும் கணித மேதை 1736-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து கண்டது இதுவே. அவர் பாலத்திற் கண்டதை எங்கள் ஆச்சிமார் முற்றத்திற் கண்டிருந்தார்களோ என்று கேட்டால், அவ்வளவு பெருமை பேச நாம் விரும்பவில்லை. ஆனால், சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்திலேயே வந்து முடியும் கம்பிக் கோலத்தை அவர்கள் கை அறிந்திருந்தது. 1970-களிலே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த சிரோமணி தம்பதியரும் அவர்களுடன் ஆராய்ந்தோரும் கோலங்களை எடுத்துக் கொண்டு, கணினியியலிலே அவற்றுக்கு இலக்கணமே வகுத்தார்கள். முற்றத்துக் கோலம் மிஷன் கல்லூரியிலே இலக்கணமாயிற்று!

ஒன்று சொல்ல மறந்துவிட்டோம். ஒயிலர் கதையை நாம் அந்த ஐவருக்கும் விளக்கத் தொடங்கியதும், இருவர் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். மூன்றாமவள், “அக்கா, கதையைப் பிறகு சொல்லுங்கோ, இப்ப கீறுவம்” என்றாள். அன்று தொடக்கம் நாம் விளக்கத்தைக் குறைத்துக் கொண்டோம். பிள்ளை கேட்டபோது ஒரு வசனம். மேலுங் கேட்டால் இன்னொரு வசனம். விளையாட்டைப் பாடமாக்கும் ஆசை பெரியோராகிய எங்களுக்கு உள்ள ஒரு நோய்.

ஓசையும் அப்படியே. பூவரசம் இலையைச் சுருட்டி, நுனியை மெல்ல நசித்து ஊதினாற் பீப்பீ என்று பாடும். அகன்ற இலையிற் பெரிதாகச் சுருட்டினால் ஒரு குரல்; சிறிதாகச் சுருட்டினால் இன்னொரு குரல். பப்பாசி இலைக் காம்பும் குழல்தான். பாலை நன்றாகக் கழுவிய பின்னரே வாயில் வைக்க வேண்டும். ஆயினும் எல்லாவற்றிலும் வியப்பானது ஒரு வெறும் போத்தல். போத்தலைக் கரண்டியினால் மெல்லத் தட்டிக் கொண்டே தண்ணீர் விட விட, ஓசை தாழ்ந்து செல்லும். அதே போத்தலின் வாயில் ஊதிக்கொண்டு தண்ணீர் விட்டால், ஓசை உயர்ந்து செல்லும். தம்பி இதைக் கண்டுவிட்டு ஓடிவந்து, “அக்கா, தட்டினா இறங்குது, ஊதினா ஏறுது. தண்ணி ஒண்டுதானே, என்ன விளையாட்டு இது?” என்று கேட்டான். பௌதிகம் கற்றுக் கொண்டிருந்த எமக்கே உடனே விடை வரவில்லை. தட்டும்போது அதிர்வது கண்ணாடி. தண்ணீர் கூடினால் அதற்குப் பாரங்கூடி அதிர்வு தளர்கின்றது. ஊதும்போது அதிர்வது உள்ளேயுள்ள காற்று. தண்ணீர் கூடக் கூடக் காற்றுக்கு இடங்குறைந்து ஓசை ஏறுகின்றது. சங்கீதம் பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஏழு கிண்ணத்தில் அளந்து தண்ணீர் விட்டுச் சலதரங்கம் அமைக்கலாம். அடுத்த வீட்டார் பொறுமையுடையவர்களாக இருத்தல் நன்று.

அடுப்படியிற் செய்யக் கூடியவை பல. சுண்டாலும் கொத்தாலும் அரிசி அளத்தல், தூய தண்ணீரில் அமிழ்ந்த முட்டையை உப்புக் கரைத்து மிதக்க விடுதல் முதலியவை தாய்மார் அறிந்தவையே. கொக்கான் வெட்டுதலும் தாயமும் நாம் சொல்லித் தெரிய வேண்டியவையல்ல. ஆகவே அவற்றை விட்டு, கையெழுத்துச் சஞ்சிகை பற்றி இரண்டு வார்த்தை சொல்வோம்.

எங்கள் விறாந்தையிலே ஒரு சஞ்சிகை நடந்தது. பழைய கொப்பிகளின் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து, நடுவே நூலாற் கட்டி, மாதம் ஒன்று. பிரதி ஒன்றே. வாசகர் ஒன்பது பேர். ஆசிரியர் எட்டு வயதுச் சிறுமி. அவளது கண்டிப்பை இன்றைய பத்திராதிபர்களிடமும் நாம் கண்டதில்லை. எமது கட்டுரையையே நீளமென்று திருப்பித் தந்தவள் அவள். புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது என்பது விதி. ஆகவே செய்தி வேண்டிப் பிள்ளைகள் ஆச்சியிடமே போக நேர்ந்தது. துலா மிதித்து எப்படித் தண்ணீர் இறைத்தார்கள், ஒருவர் மேலே நடக்க ஒருவர் கீழே பிடித்து வாய்க்காலில் ஊற்றுவது எப்படி, இடம்பெயர்ந்து போனபோது எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். நாம் ஒருநாளுங் கேட்காத கேள்வி அவை. ஆச்சி நெடுநேரம் பேசினா. “தையல் மெசினை விட்டிட்டு, ஏன் மோனை எண்டு தெரியேல்லை, தேங்காய் துருவுற திருவலையைத் தூக்கிக் கொண்டு போனன்” என்றா. அது அவ்வாறே அச்சொட்டாய் அடுத்த இதழில் வந்தது. திருவலையின் படமும் வந்தது. நொடிகளும் அவர்களே கட்டினார்கள். ‘வெயிலுக்கும் விரியும், மழைக்கும் விரியும், மூலையில் வைத்தால் அழும், அது என்ன?’ என்று ஒருவன் கேட்டிருந்தான். குடைதான். எங்கள் வீட்டுக் குடை மூலையிலிருந்து அழுததைப் பார்த்தே அது பிறந்தது.

சபையோரே! இதுவரை எமது வெற்றிகளையே அடுக்கினோம். இனிச் சொல்லப் போவது அவ்வாறானதன்று. இதைச் சொல்வதா விடுவதா என்று இங்கு வரும் வழியெல்லாம் எண்ணிக் கொண்டே வந்தோம்.

2020-ஆம் ஆண்டு தை மாதம். தம்பி அவ்வாண்டே ஐந்தாந் தரம். புலமைப்பரிசிற் பரீட்சை என்றால் இந்நாட்டிலே அது பிள்ளைக்கு மாத்திரம் வருவதன்று. குடும்பத்துக்கே வருவது என்பதை நீங்கள் அறிவீர்கள். வாடைக்காற்று வீசிக் கொண்டிருந்தது, ஊரெங்கும் பட்டம். பொங்கலன்று வல்வெட்டித்துறையில் நடக்கும் பட்டத் திருவிழாவைப் பார்த்து வந்ததிலிருந்து அவன் கொக்குப் பட்டம் ஒன்று கட்டத் தொடங்கினான். மூங்கில் சீவி, நறுவிலிப் பழத்தால் ஒட்டி, பார்சல் கட்டும் நாடாவைச் சீவி விண் பூட்டி, பத்து நாள் அதிலேயே கிடந்தான். எமக்கும் அவ்வேளை உயர்தரப் படிப்பு. அதனோடு அவனுக்குக் கணிதஞ் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரியூசனுக்குப் போகவில்லையென்று அறிந்தோம். தோட்டத்து வெளியிலே பட்டத்துக்கு முச்சை கட்டிக் கொண்டு நின்றான். நாம் கோபத்தோடு அதை வாங்கி, முழங்காலில் வைத்து முறித்து, அடுப்படிக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டோம். அம்மாவுங்கூட, “எரிச்சிருக்கத் தேவையில்லை, பிள்ளை” என்றா. அவன் அழவில்லை. போய்க் கொப்பியை எடுத்துக் கொண்டு மேசையில் இருந்தான். நாம் வென்றுவிட்டோம் என்றே அன்று நினைத்தோம்.

ஒரு கிழமை கழித்து, கணக்குத் திருத்த அவன் கொப்பியைப் புரட்டினோம். கடைசித் தாளிலே அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. முதற் கட்டத்தில் நாள். அடுத்ததில் மேல் முச்சை எத்தனை விரல், கீழ் முச்சை எத்தனை விரல். அடுத்ததில் வால் எத்தனை முழம். கடைசிக் கட்டத்தில் ‘குத்தியது’, ‘சுத்தியது’, ‘இடப்பக்கம் இழுக்குது’, ‘நிண்டது, விண் கூவேல்லை’ என்று எழுதியிருந்தது. ஒருநாளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றியிருந்தான். முச்சையை மாற்றிய நாளில் வாலைத் தொடவில்லை. வாலைக் கூட்டிய நாளில் முச்சையைத் தொடவில்லை. பரிசோதனை செய்யும்போது ஒரு காரணியை மாத்திரம் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்திருக்க வேண்டுமென்பதை எமக்குப் பாடசாலை ஆய்வுகூடத்திற் பலமுறை சொல்லித் தந்தார்கள். அவனுக்கு அதை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்பது நாள் நிரம்பியிருந்தது. பத்தாவது நாளுக்குத் திகதி மட்டும் போட்டு, மிகுதிக் கட்டம் வெறுமையாயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைத் திகதி அது.

பங்குனியிலே கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. வீட்டுக்குள்ளேயே எல்லோரும். எமது மனம் உறுத்திக் கொண்டிருந்ததால், “தம்பி, பட்டம் ஒண்டு கட்டுவமோ? மூங்கில் நான் சீவித் தாறன்” என்றோம். அவன், “சோதினை முடியட்டும் அக்கா” என்றான். சொற்படி நடக்கும் பிள்ளையின் விடை. எவர் கேட்டாலும் மெச்சுவர். எமக்கோ நெஞ்சில் முள் தைத்தாற் போலிருந்தது. பரீட்சையும் பிற்போடப்பட்டு, ஒருவாறு வந்து போயிற்று. எத்தனை புள்ளி எடுத்தான் என்பதை ஈண்டுச் சொல்லப் போவதில்லை. அதைக் கேட்பவர்கள் எக்காலமும் உளர். பரீட்சை முடிந்த பின்னரும் அவன் மூங்கிலைத் தொடவில்லை.

அவனை மறுபடி மண்ணுக்கும் கைவேலைக்கும் இழுத்து வந்தது பனங்கொட்டை. அவ்வாண்டு புரட்டாதி கழிய, அப்பு வளவின் மூலையில் மண்ணை உயர்த்திப் பனம்பாத்தி போட்டார். பிள்ளைகளுக்கென்று பத்துக் கொட்டையை வேறாகப் புதைத்தோம். பத்து நாளுக்கு ஒன்றாகக் கிண்டியெடுத்து, வெட்டிப் பார்த்து, படம் கீறி, நாளும் எழுதி வைப்பதென்பது ஏற்பாடு. நூறு நாள், பத்துப் படம். முதலில் நாம் மட்டுமே கீறினோம். தம்பி தள்ளியிருந்து பார்த்தான்.

மற்ற விதைகளைப் போலப் பனை மேலே முளை காட்டுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கின்றோம்? கொட்டையிலிருந்து வெள்ளையாய் ஒரு குழல் புறப்பட்டுக் கீழ்நோக்கி மண்ணுள் இறங்குகின்றது. கருவை அக்குழல் தன் நுனியிலே சுமந்து செல்கின்றது. ஆழத்துக்குப் போன பின்னர்தான் அங்கே வேரும், மேலெழும் குருத்தும் உண்டாகின்றன. உணவு சேர்ந்து கிழங்கு திரள்கின்றது. வெயிலும் வறட்சியும் நிறைந்த நிலத்திலே, குழந்தையை நிலவறைக்குள் கொண்டுபோய் வளர்க்கும் தாய் போல இருக்கின்றது. அதற்கிடையிற் கொட்டையின் உள்ளேயோ, கடினமான பருப்பைக் கரைத்துக் கரைத்து உறிஞ்சிக் கொண்டு பூரான் பெருக்கின்றது. நாங்கள் தின்னும் அந்தப் பூரான், உண்மையிற் குருத்துக்குச் சோறூட்டும் உறுப்பு. மூன்றாவது கொட்டையை வெட்டியபோது பூரானைப் பிள்ளைகள் பங்கு போட்டுத் தின்றார்கள். நான்காவதை வெட்டுமுன் தம்பி கிட்ட வந்து, “அக்கா, நீங்கள் கீறினது பிழை. குழல் கொட்டையின்ர நடுவாலை வரேல்லை” என்றான். வெண்கட்டி, பென்சில், கொப்பி எல்லாம் அத்துடன் அவன் கைக்குப் போயின. அடிமட்டம் வைத்துக் கட்டமும் போட்டான். கொட்டையை வெட்டுவது மட்டும் அப்புவின் வேலை. பெரியவர் ஒருவர் கத்தி பிடித்தல் வேண்டும், பனங்கொட்டை வழுக்கும்.

பத்தாவது கொட்டையை எடுத்தது தை பிறந்த பின்னர். கிழங்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. படம் கீறி முடித்த பின்பு அவித்துத் தின்றோம். ஒன்றைக் கிழித்துக் காயவிட்டு ஒடியலாக்கி, அதன் நிறையும் பார்த்தான். அடுத்த கிழமை எம்மிடங் கேளாமலே அடுத்த வளவில் மூங்கில் வாங்கி வந்தான். நாம் சீவித் தரவா என்று கேட்டோம். வேண்டாமென்றான். முச்சையைப் பிடித்துக் கொள்ள மட்டும் ஓர் ஆள் வேண்டுமென்றான். நாம் போய்ப் பிடித்தோம்.

இப்போது ஆவணி. பனம்பழம் விழத் தொடங்கிவிட்டது. எமது வளவிலே பொறுக்கிய கொட்டைகளை ஒரு சாக்கிற் கட்டி, மன்ற மண்டபத்தின் பின்விறாந்தையில் வைத்திருக்கின்றோம். வீட்டிலே பிள்ளையும், ஒரு பாய் விரிக்கும் அளவு மண்ணும் உள்ளவர்கள் போகும்போது பத்துப் பத்தாக எடுத்துச் செல்லலாம். மாரி மழைக்கு முன் புதைத்துவிட வேண்டும். மழையே தண்ணீர் விடும். கொப்பி மாத்திரம் நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.